ஜூபிட்டர் நோட்புக்கில் ‘நீட்டிப்பு இல்லை’ என்னும் எச்சரிக்கைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைத்தான் கற்கத் தொடங்கியவர்கள், நிரலைத் துண்டு துண்டாக உலாவியில் எழுதி இயக்க உதவும் ஜூபிட்டரைத் திறந்து, ‘செல்’ எனப்படும் அந்தத் துண்டுகளில் முதல் சிலவற்றை இயக்கும்போதே இளஞ்சிவப்புப் பின்னணியில் ஓர் எச்சரிக்கையைக் கண்டு திகைத்து நிற்பதைப் பயிற்சி வகுப்புகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். நோட்புக்குக்குத் தேவையான ஏதோ ஒரு நீட்டிப்பு, தேவைப்படும் இடத்தில் இல்லை என்பதே அவற்றில் பெரும்பாலானவை சொல்லும் செய்தி. எந்த இடத்தில் இல்லை என்று கண்டுபிடிப்பதற்கு முன்பே பலரும் எதையாவது நிறுவத் தொடங்கிவிடுகிறார்கள். அதனால்தான் பத்து நிமிட வேலை ஒரு நாள் முழுவதும் இழுக்கிறது. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை விடைகளோடு இங்கே எழுதியிருக்கிறேன். கட்டளைகளையும் தொகுப்புகளின் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்துள்ளேன். டெர்மினலிலும் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) செல்லிலும் அவற்றை வழக்கம்போல் ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

நீட்டிப்பு என்று இங்கே எதைச் சொல்கிறீர்கள்?

ஜூபிட்டரில் ஒரே சமயத்தில் மூன்று தனித்தனி நிரல்கள் இயங்குகின்றன. நீங்கள் எழுதும் பைத்தானை உண்மையில் இயக்குவது கெர்னல். நோட்புக் கோப்பைத் திறந்து, சேமித்து, கெர்னலுக்கும் உலாவிக்கும் இடையே செய்திகளைக் கடத்துவது சர்வர். வழக்கமாக 8888 என்னும் போர்ட்டில் இயங்குவது இதுதான். செல்களையும் வரைபடங்களையும் திரையில் காட்டுவது உலாவிக்குள் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட். இந்த மூன்றுக்கும் தனித்தனி நீட்டிப்புகள் உண்டு, ஆனால் எல்லாவற்றையும் நாம் ‘எக்ஸ்டென்ஷன்’ என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். குழப்பம் பிறப்பது இங்கேதான்.

நகர்த்தக்கூடிய ஒரு ஸ்லைடரை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தகைய திரைக் கருவிகளை விட்ஜெட் என்பார்கள். அதன் மதிப்பை வைத்திருக்கும் பைத்தான் பொருள் கெர்னலில் இருக்கிறது. அதைத் திரையில் வரைந்து, நீங்கள் இழுக்கும்போது புதிய மதிப்பைத் திருப்பி அனுப்பும் ஜாவாஸ்கிரிப்ட் உலாவியில் இருக்கிறது. இவற்றில் ஒரு பாதி மட்டும் நிறுவப்பட்டு மறுபாதி விடுபட்டால் எச்சரிக்கை வரும், அல்லது எச்சரிக்கையே இல்லாமல் வெற்றிடம் தெரியும். ஆகவே எந்த எச்சரிக்கையைப் பார்த்தாலும், இதைச் சொல்வது கெர்னலா, சர்வரா, உலாவியா என்பதை முதலில் கேளுங்கள். செல்லுக்குக் கீழே பைத்தான் பாணியில் கோப்பின் பெயரும் வரி எண்ணும் சேர்ந்து வந்தால் அது கெர்னல் சொல்வது. ஜூபிட்டரைத் தொடங்கிய டெர்மினல் சாளரத்தில் வந்தால் சர்வர். ஸ்லைடர் இருக்க வேண்டிய இடத்தில் ‘விட்ஜெட்டைக் காட்டுவதில் பிழை’ என்ற பொருளில் ஒரு வரி மட்டும் வந்தால் அது உலாவி.

டிக்யூடிஎம்மை இறக்குமதி செய்தவுடன் ‘ஐபுரோகிரஸ் காணப்படவில்லை, ஜூபிட்டரையும் ஐபைவிட்ஜெட்ஸையும் புதுப்பிக்கவும்’ என்று வருகிறது. இதன் பொருள் என்ன?

இந்த வகை எச்சரிக்கைகளில் மிக அதிகமாகக் காணப்படுவது இதுதான். டிக்யூடிஎம் என்பது நீண்ட நேரம் ஓடும் சுற்றுகளுக்கு முன்னேற்றப் பட்டை காட்டும் தொகுப்பு. முன்னேற்றம் என்று பொருள்படும் ‘தகத்தும்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து அதன் பெயர் வந்தது. அதன் ‘ஆட்டோ’ என்ற உட்பகுதியை இறக்குமதி செய்யும்போது, தான் நோட்புக்கில் இருக்கிறதா, சாதாரண டெர்மினலில் இருக்கிறதா என்று அது தானாகவே சோதிக்கிறது. நோட்புக் என்று தெரிந்தால், வண்ணப் பட்டையை வரைவதற்கு, விட்ஜெட்டுகளைத் தரும் ஐபைவிட்ஜெட்ஸ் தொகுப்பில், தான் ஐபுரோகிரஸ் என்று அழைக்கும் பட்டை வகுப்பைத் தேடுகிறது. அது கிடைக்காதபோது இந்த எச்சரிக்கையைத் தந்துவிட்டு, எழுத்துகளால் ஆன பழைய பட்டைக்குத் திரும்பிக்கொள்கிறது.

இங்கே இரண்டு நுட்பங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இந்தச் சோதனை இறக்குமதி நேரத்தில் ஒருமுறைதான் நடக்கிறது. அதே செல்லை மறுபடி இயக்கினால் எச்சரிக்கை வராது. அந்தத் தொகுப்பு ஏற்கெனவே நினைவகத்தில் இருப்பதால் பைத்தான் அதை மீண்டும் படிப்பதில்லை என்பதே காரணம். சிக்கல் தீர்ந்துவிட்டது என்று இதை எடுத்துக்கொண்டவர்கள் பலர். இரண்டாவது, அதே காரணத்தால், ஐபைவிட்ஜெட்ஸை நிறுவிய பிறகும் கெர்னலை மறுதொடக்கம் செய்யாதவரை எந்த மாற்றமும் தெரியாது. ‘ஆட்டோ’வுக்குப் பதிலாக ‘நோட்புக்’ என்ற உட்பகுதியை நேரடியாக அழைத்தால் டிக்யூடிஎம் எச்சரிக்கையோடு நிற்காமல், பட்டையை உருவாக்கும்போது இறக்குமதிப் பிழையாகவே அறிவித்து நிரலை நிறுத்திவிடும்.

அப்படியானால் அந்த எச்சரிக்கையை அப்படியே விட்டுவிடலாமா?

கணக்கீட்டின் விடை மாறாது. பட்டையின் தோற்றம் மட்டுமே மாறும். வேலை அவசரமாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் ஐபைவிட்ஜெட்ஸ் இல்லாத சூழலில் (ஒரு பைத்தானும் அதனோடு நிறுவிய தொகுப்புகளும் சேர்ந்தது சூழல்) பின்னால் வேறு பல தொகுப்புகளும் இடறும் என்பதால், ஒருமுறை சரிசெய்துவிடுவதையே நான் விரும்புகிறேன்.

ஐபைவிட்ஜெட்ஸை நிறுவிவிட்டேன், ‘ஏற்கெனவே உள்ளது’ என்று பிப் (பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவி) சொல்கிறது, ஆனாலும் எச்சரிக்கை போகவில்லை. ஏன்?

பெரும்பாலும், நீங்கள் நிறுவிய பைத்தானும் கெர்னல் பயன்படுத்தும் பைத்தானும் வேறு வேறாக இருக்கின்றன. ஒரே கணினியில் இயங்குதளத்தோடு வந்த பைத்தான் ஒன்று, அனகோண்டா வழியாக வந்தது ஒன்று, பாடத்திட்டத்துக்காக உருவாக்கிய மெய்நிகர் சூழல் ஒன்று என மூன்று பைத்தான்கள் இருப்பது இன்று சாதாரணம். டெர்மினலில் ‘பிப் இன்ஸ்டால்’ என்று தட்டினால் அந்த டெர்மினலின் பாதையில் (கட்டளைகளைத் தேடும் கோப்புறைகளின் வரிசை) முதலில் அகப்படும் பைத்தானில்தான் தொகுப்பு போய்ச் சேரும். உங்கள் நோட்புக் எந்தச் சூழலில் ஓடுகிறது என்பது பிப்புக்குத் தெரியாது.

சரிபார்ப்பது எளிது. நோட்புக்கின் ஒரு செல்லில் ‘சிஸ்’ தொகுப்பை இறக்குமதி செய்து, அதன் ‘எக்ஸிக்யூட்டபிள்’ மதிப்பை அச்சிடுங்கள். கெர்னல் எந்தப் பைத்தானில் ஓடுகிறது என்பதன் முழுப் பாதையும் வரும். பிறகு டெர்மினலில் ‘பிப்’ என்பதோடு இரண்டு சிறுகோடிட்ட ‘வெர்ஷன்’ சேர்த்துத் தட்டினால், அந்த பிப் எந்தக் கோப்புறையைச் சேர்ந்தது என்று தெரியும். இரண்டும் ஒரே சூழலைக் காட்டவில்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது.

தீர்வும் நோட்புக்குக்குள்ளேயே இருக்கிறது. செல்லில் விழுக்காட்டுக் குறியோடு தொடங்கும் பிப் கட்டளையைப் பயன்படுத்துங்கள், ஐபைத்தான் (கெர்னலுக்குள் உங்கள் நிரலை இயக்கும் தொகுப்பு) 7.3 முதல் கிடைக்கும் இந்தக் கட்டளை, தற்போதைய கெர்னல் எந்தப் பைத்தானில் ஓடுகிறதோ அதிலேயே நிறுவும். ஆச்சரியக்குறியோடு தொடங்கும் பிப் கட்டளை அப்படிப்பட்டதன்று. அது ஒரு ஷெல்லைத் திறந்து, பாதையில் அகப்படும் ஏதோ ஒரு பிப்பை இயக்கும். பழைய பயிற்சிக் குறிப்புகள் பலவற்றில் ஆச்சரியக்குறிதான் இருக்கிறது. அவற்றை எழுதியவர்களின் கணினியில் பைத்தான் ஒன்றே ஒன்று இருந்திருக்கலாம். உங்கள் கணினியிலும் அப்படித்தான் என்று நம்பிவிடக் கூடாது.

ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இதை நேரில் கண்டேன். அங்கிருந்த எல்லாக் கணினிகளிலும் ஐபைவிட்ஜெட்ஸ் நிறுவப்பட்டிருந்தது, எல்லாவற்றிலும் எச்சரிக்கையும் வந்துகொண்டிருந்தது. மாணவர்கள் தேர்ந்தெடுத்த கெர்னலின் பெயர் ‘பைத்தான் 3’ என்று பொதுவாக இருந்ததால், அது எப்போதோ நீக்கப்பட வேண்டிய பழைய சூழலைச் சுட்டுகிறது என்பது யாருக்கும் புலப்படவில்லை. ‘ஜூபிட்டர் கெர்னல்ஸ்பெக் லிஸ்ட்’ என்ற கட்டளை எந்தப் பெயர் எந்தக் கோப்புறையில் பதிவாகியிருக்கிறது என்பதைக் காட்டும். அந்தக் கோப்புறைக்குள் இருக்கும் சிறிய ஜேசன் கோப்பைத் திறந்தால் முதல் சில வரிகளிலேயே எந்தப் பைத்தானை அது அழைக்கிறது என்று தெரிந்துவிடும். புதிய சூழலைப் பதிவு செய்யும்போது, கெர்னலைத் தரும் தொகுப்பான ஐபைகெர்னலின் நிறுவல் கட்டளையில் அடையாளம் தெரியும் பெயரைக் கொடுங்கள். ‘பைத்தான் 3’ என்று மட்டும் இருந்தால் அடுத்த ஆண்டு வருபவர்களும் இதே இடத்தில் சிக்குவார்கள்.

எச்சரிக்கை போய்விட்டது. ஆனால் பட்டைக்குப் பதிலாக ‘ஹெச்பாக்ஸ்’ என்று தொடங்கி அடைப்புக்குறிகள் நிறைந்த ஒரு வரி வருகிறது. இது என்ன?

இது நல்ல அறிகுறி. சிக்கல் பாதி தீர்ந்துவிட்டது என்பதைக் காட்டுகிறது. கெர்னலில் ஐபைவிட்ஜெட்ஸ் இருக்கிறது, பொருளை உருவாக்கியும் விட்டது. அதை வரையத் தெரிந்த ஜாவாஸ்கிரிப்ட் உலாவிக்குக் கிடைக்காததால், பொருளின் எழுத்து வடிவம் மட்டும் அச்சாகிறது. இப்போது நீங்கள் பார்க்க வேண்டியது சர்வர் இருக்கும் சூழலை. அங்கே டெர்மினலில் ‘ஜூபிட்டர் லேப்எக்ஸ்டென்ஷன் லிஸ்ட்’ என்று இயக்குங்கள். ‘ஜூபிட்டர்லேப்-மேனேஜர்’ என்று முடியும் பெயருக்கு எதிரே இயக்கத்தில் உள்ளது, சரி என்ற குறிப்புகள் இருக்க வேண்டும். அந்தப் பெயரே பட்டியலில் இல்லை என்றால், சர்வர் சூழலில் ‘ஜூபிட்டர்லேப்-விட்ஜெட்ஸ்’ தொகுப்பை நிறுவி உலாவிப் பக்கத்தைப் புதுப்பியுங்கள். பெயர் இருந்தும் வேலை செய்யவில்லை என்றால் அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

எந்தப் பதிப்பு எதனோடு பொருந்தும்?

2022 ஆகஸ்டில் ஐபைவிட்ஜெட்ஸ் 8 வந்தபோது பொருத்தம் மாறியது. பதிப்பு 7 உள்ள கெர்னலுக்கு, ஜூபிட்டர்லேப்-விட்ஜெட்ஸின் 1-ஆம் வரிசையும் பழைய நோட்புக்குக்கான விட்ஜெட்ஸ்என்பிஎக்ஸ்டென்ஷனின் 3-ஆம் வரிசையும் துணை. பதிப்பு 8-க்கு அவை முறையே 3-ஆம் வரிசையும் 4-ஆம் வரிசையும். ஒரே சூழலில் எல்லாவற்றையும் நிறுவினால் பிப்பே சரியான துணையைக் கூட்டிவந்துவிடும். சர்வரும் கெர்னலும் தனிச் சூழல்களில் இருக்கும்போதுதான் ஒன்று புதியதாகவும் மற்றது பழையதாகவும் நின்றுவிடுகின்றன.

பொருத்தம் தவறினால் உலாவி சொல்லும் செய்தியைப் படித்தே அதைக் கண்டுபிடிக்கலாம். ‘கன்ட்ரோல்ஸ்’ என்ற தொகுதியின் 1.5.0 பதிப்பு பதிவாகவில்லை, 2.0.0 உள்ளது என்ற பொருளில் வந்தால், கெர்னல் பழைய 7-இல் இருக்கிறது, உலாவியோ 8-க்கு மாறிவிட்டது. எண்கள் தலைகீழாக வந்தால் நிலைமையும் தலைகீழ். எதைப் புதுப்பிக்க வேண்டும் என்பதை அந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன. சிவப்பு எழுத்தைக் கண்ட பதற்றத்தில் அந்த வரியைப் படிக்காமல் நழுவவிடாதீர்கள்.

பழைய வழிகாட்டி ஒன்றில் ‘ஜூபிட்டர் என்பிஎக்ஸ்டென்ஷன் எனேபிள்’ என்று இயக்கச் சொல்கிறார்கள். அந்தக் கட்டளையே இல்லை என்று வருகிறதே?

அந்த வழிகாட்டி எழுதப்பட்ட காலத்தில் அது சரியாகவே இருந்தது. இடையில் ஜூபிட்டரின் முகப்பு இரண்டு முறை அடியோடு மாறிவிட்டது.

முதலில் இருந்த நோட்புக் முகப்பில், உலாவி நீட்டிப்புகளைக் கோப்புறையில் வைத்த பிறகு தனியே ஒரு கட்டளையால் இயக்கிவிட வேண்டியிருந்தது. ‘லேப்’ என்றும் அழைக்கப்படும் புதிய முகப்பான ஜூபிட்டர்லேப் வந்தபோது அது வேறொரு முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு நீட்டிப்பையும் சேர்க்கும்போது முகப்பு முழுவதையும் மறுபடி கட்ட வேண்டும், அதற்கு, ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே இயக்கும் நோட்.ஜேஎஸ் தேவை. ‘மறுகட்டமைப்பு பரிந்துரைக்கப்படுகிறது’ என்று திரையில் பெட்டி திறந்ததும், நோட்.ஜேஎஸ் இல்லை என்ற பிழை வந்ததும் அந்தக் காலத்தில்தான். 2020 டிசம்பர் இறுதியில் வெளியான ஜூபிட்டர்லேப் 3 அந்தத் தொல்லையை நீக்கியது. நீட்டிப்புகள் முன்கூட்டியே கட்டப்பட்ட வடிவில் பிப் தொகுப்புக்குள்ளேயே வரத் தொடங்கியதால், நிறுவிப் பக்கத்தைப் புதுப்பித்தாலே போதும் என்ற நிலை வந்தது. 2023 ஜூலையில் நோட்புக் 7 வெளியானபோது, அதுவும் ஜூபிட்டர்லேபின் பாகங்களைக் கொண்டே கட்டப்பட்டிருந்ததால் பழைய வகை நீட்டிப்புகள் அதில் வேலை செய்யாமல் போயின. கட்டளை காணாமல் போனதற்கு அதுவே காரணம்.

ஆகவே இணையத்தில் கிடைக்கும் எந்த அறிவுரைக்கும் முதலில் அது எழுதப்பட்ட தேதியைப் பாருங்கள். ‘ஜூபிட்டர்’ என்பதோடு இரண்டு சிறுகோடிட்ட ‘வெர்ஷன்’ சேர்த்து இயக்கினால் உங்கள் நோட்புக், லேப், ஐபைவிட்ஜெட்ஸ், ஐபைகெர்னல் ஆகியவற்றின் பதிப்புகள் ஒரே பட்டியலாக வரும். நோட்புக்குக்கு எதிரே 7 என்று தொடங்கினால், ‘என்பிஎக்ஸ்டென்ஷன்’ என்ற சொல் வரும் அறிவுரைகள் அனைத்தையும் ஒதுக்கிவிடலாம்.

பல ஆண்டுகளாகப் பயன்படுத்திய கான்ட்ரிப் என்பிஎக்ஸ்டென்ஷன்ஸ் (பழைய நோட்புக்குக்கான நீட்டிப்புகளின் திரட்டு) தொகுப்பு புதிய நோட்புக்கில் தெரியவில்லை. திரும்பப் பெற வழி உண்டா?

அந்தத் தொகுப்பு நோட்புக் 7-க்கு ஏற்றதன்று. அதை விட முடியாதவர்கள், 7-க்குக் கீழான நோட்புக் பதிப்பைத் தனியான ஒரு மெய்நிகர் சூழலில் நிறுவிக்கொள்ளலாம். அதற்கு முன் உங்களுக்கு உண்மையில் எது தேவை என்று பாருங்கள்: பலரும் அந்தத் தொகுப்பை நாடியதற்குக் காரணமாக இருந்த உள்ளடக்கப் பட்டியலும், தலைப்புகளை மடக்கி வைக்கும் வசதியும் இப்போது நோட்புக்கிலேயே இருக்கின்றன.

எங்கள் நிறுவனத்தில் ஜூபிட்டர்ஹப் (பலர் பகிரும் மைய ஜூபிட்டர்) வழியாக நுழைகிறோம். சர்வர் சூழலில் எதையும் நிறுவ எனக்கு அனுமதி இல்லை. என்ன செய்வது?

கெர்னல் பாதியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்: உங்கள் சொந்தச் சூழலில் ஐபைவிட்ஜெட்ஸும் ஐபைகெர்னலும் போதும். உலாவிப் பாதிக்கு, ஜூபிட்டர் தேடும் இடங்களை அறிந்துகொள்ளுங்கள். ‘ஜூபிட்டர்’ என்பதோடு இரண்டு சிறுகோடிட்ட ‘பாத்ஸ்’ சேர்த்து இயக்கினால், தரவுக் கோப்புறைகள் என்ற தலைப்பின் கீழ் அவை வரிசையாக வரும். லினக்ஸில் அவற்றுள் ஒன்று உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் இருக்கும். சர்வர் உங்கள் பயனர் கணக்கிலேயே ஓடும் அமைப்பாக இருந்தால், சர்வரின் பைத்தானைக் கொண்டு ‘யூசர்’ என்ற தெரிவோடு ஜூபிட்டர்லேப்-விட்ஜெட்ஸை நிறுவினால், நீட்டிப்பு அந்தக் கோப்புறைக்குப் போய்ச் சேர்ந்து பக்கத்தைப் புதுப்பித்தவுடன் தெரியத் தொடங்கும். அதுவும் முடியாத அமைப்பென்றால் நிர்வாகியிடம் கேட்பதைத் தவிர வழியில்லை. கேட்கும்போது ‘விட்ஜெட் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதாமல், சர்வர் சூழலில் ஜூபிட்டர்லேப்-விட்ஜெட்ஸின் இன்ன வரிசை வேண்டும், என் கெர்னலில் இருப்பது ஐபைவிட்ஜெட்ஸின் இன்ன பதிப்பு என்று எழுதுங்கள். அவர் மறுகேள்வி கேட்க வேண்டிய தேவை இருக்காது.

பேனல் (ஊடாடும் பக்கங்களை உருவாக்கும் தொகுப்பு) பயன்படுத்தும்போது, ஹோலோவிஸ் நீட்டிப்பு முன்பே ஏற்றப்பட்டுவிட்டதால் ‘டாபுலேட்டர்’ (அட்டவணைக் கருவி) சரியாக ஏற்றப்படவில்லை என்று வருகிறது. அதை எங்கே நிறுவ வேண்டும்?

எங்கும் நிறுவ வேண்டியதில்லை. இங்கே நீட்டிப்பு என்ற சொல்லுக்கு நான்காவது ஒரு பொருள் இருக்கிறது: அட்டவணைகளுக்கும் வரைபடங்களுக்கும் தேவையான ஜாவாஸ்கிரிப்டை இந்த நோட்புக்குக்குள் இப்போது ஏற்று என்ற கட்டளை. பேனல், ஹோலோவியூஸ், ஹெச்விபிளாட் மூன்றும் ஹோலோவிஸ் என்ற ஒரே குடும்பம் என்பதால், எது முதலில் அழைக்கப்படுகிறதோ அது பொதுவான ஜாவாஸ்கிரிப்டை ஏற்றிவிடுகிறது. பின்னால் வரும் அழைப்பு கூடுதலாகக் கேட்பதைச் சேர்க்க முடியாமல் போகிறது. பாண்டாஸ் அட்டவணையிலிருந்து நேரடியாகப் படம் வரைவதற்காக ஹெச்விபிளாட்டை இறக்குமதி செய்யும் வரியே இத்தகைய ஓர் அழைப்பு என்பதைப் பலர் அறிவதில்லை. பேனலின் நீட்டிப்பு அழைப்பை, டாபுலேட்டர் என்ற பெயரையும் சேர்த்து, அந்த வரிக்கு முன்னால் கொண்டுவாருங்கள். கெர்னலை மறுதொடக்கம் செய்து முதலிலிருந்து இயக்குங்கள்.

‘வரைபட நீட்டிப்பு எதுவும் ஏற்றப்படவில்லை’ என்று ஹோலோவியூஸ் சொன்னாலும் இதே கதைதான்: பொக்கே அல்லது மேட்பிளாட்லிப் பெயரைக் கொடுத்து அதன் நீட்டிப்பு அழைப்பை முதலில் இயக்க வேண்டும். வரைபடம் வந்தும் பொத்தானை அழுத்தினால் எதுவும் நிகழவில்லை என்றால், சர்வர் சூழலில் ‘பைவிஸ்-காம்ஸ்’ தொகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பேனலை நிறுவும்போது அது தானாக வந்துவிடும்தான், ஆனால் கெர்னல் சூழலுக்குள் மட்டுமே வரும்.

‘இந்தத் தொகுதி ஐபைத்தான் நீட்டிப்பு அன்று’ என்று வருகிறதே?

‘லோட்எக்ஸ்ட்’ என்ற மாயக் கட்டளைக்கு (விழுக்காட்டுக் குறியோடு தொடங்கும் ஐபைத்தான் கட்டளை) நீங்கள் கொடுத்த பெயரில் ஒரு பைத்தான் தொகுதி கிடைத்திருக்கிறது, ஆனால் அதற்குள் ஐபைத்தான் எதிர்பார்க்கும் ஏற்றுச் செயல்பாடு இல்லை. பெயரைத் தவறாகக் கொடுத்திருப்பீர்கள், அல்லது உங்கள் கோப்புறையிலேயே அதே பெயரில் நீங்கள் எழுதிய ஒரு கோப்பு குறுக்கே நிற்கும். இரண்டாவதை நான் எதிர்பாராத அளவுக்கு அடிக்கடி கண்டிருக்கிறேன். ‘எஸ்க்யூஎல்’ போன்ற கட்டளை காணப்படவில்லை என்று வந்தால், நிறுவிய பின் ஏற்றும் வரியை இயக்காமல் விட்டிருக்கிறீர்கள்; கெர்னலை மறுதொடக்கம் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்த வரியை மீண்டும் இயக்கியாக வேண்டும்.

மாற்றிய கோப்புகளைத் தானாக மறுபடி ஏற்றும் ‘ஆட்டோரீலோட்’ திடீரென்று வேலை செய்யாமல், ‘இம்ப்’ என்ற தொகுதி இல்லை என்று சொன்னால் காரணம் வேறு. 2023 அக்டோபரில் வெளியான பைத்தான் 3.12 அந்தப் பழைய தொகுதியை நீக்கிவிட்டது. ஐபைத்தானின் பழைய பதிப்புகள் அதை நம்பியிருந்தன. ஐபைத்தானைப் புதுப்பித்தால் சரியாகிவிடும்.

மேட்பிளாட்லிப் வரைபடத்தை இழுத்துப் பெரிதாக்க முயன்றால் ‘ஐபைத்தான் வரையறுக்கப்படவில்லை’ என்ற ஜாவாஸ்கிரிப்ட் பிழை வருகிறது.

‘மேட்பிளாட்லிப் நோட்புக்’ என்ற மாயக் கட்டளை பழைய முகப்புக்காக எழுதப்பட்டது. லேபிலும் நோட்புக் 7-லும் ‘மேட்பிளாட்லிப் விட்ஜெட்’ என்று மாற்றி எழுத வேண்டும். அதற்கு ‘ஐபிஎம்பிஎல்’ தொகுப்பு தேவை.

பிளாட்லி வரைபடம் என்பிஃபார்மேட் (நோட்புக் கோப்பு வடிவத்தைக் கையாளும் தொகுப்பு) 4.2.0 வேண்டும் என்கிறது.

கெர்னல் சூழலில் என்பிஃபார்மேட்டை நிறுவி, கெர்னலை மறுதொடக்கம் செய்யுங்கள். சர்வரில் அது ஏற்கெனவே இருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் பிளாட்லி தேடுவது தான் ஓடும் சூழலில். ஃபிகர்விட்ஜெட் பயன்படுத்துபவர்கள், பிளாட்லி 6 முதல் ‘எனிவிட்ஜெட்’ தொகுப்பும் தேவை என்பதை நினைவில் கொள்க.

விஎஸ் கோடிலும் கூகுள் கோலாபிலும் இதே முறைகள் பொருந்துமா?

கெர்னல் பாதிக்கு அப்படியே பொருந்தும். உலாவிப் பாதி வேறுபடும். விஎஸ் கோடில் ஜூபிட்டர்லேபின் நீட்டிப்புகள் ஏற்றப்படுவதில்லை. விட்ஜெட்டுகளுக்கான ஜாவாஸ்கிரிப்டை ஜேஎஸ்டெலிவர், அன்பேக்கேஜ் ஆகிய இணையக் கிடங்குகளிலிருந்து எடுக்க அது உங்கள் அனுமதியைக் கேட்கும். முதல்முறை கேட்டபோது மறுத்துவிட்டிருந்தால், அமைப்புகளில் ‘விட்ஜெட் ஸ்கிரிப்ட் சோர்சஸ்’ என்பதைத் தேடி மாற்றிக்கொள்ளலாம். அலுவலகத் தடுப்புச் சுவர் இந்த முகவரிகளை அடைத்திருந்தால் வீட்டில் ஓடும் அதே நோட்புக் அலுவலகத்தில் ஓடாது. கோலாபில், பிறர் உருவாக்கிய விட்ஜெட்டுகளுக்கு ஒருமுறை இசைவு தர வேண்டும்: கூகுள் கோலாப் தொகுப்பின் ‘அவுட்புட்’ பகுதியில் உள்ள ‘எனேபிள் கஸ்டம் விட்ஜெட் மேனேஜர்’ என்ற செயல்பாட்டை அழைத்தால் போதும்.

உபுண்டுவில் பிப் எதையும் நிறுவ மறுத்து, இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்கிறது.

2023 முதல் டெபியன் 12, உபுண்டு 23.04 ஆகியவற்றில் தொடங்கிய பாதுகாப்பு இது. இயங்குதளத்தின் சொந்தப் பைத்தானை பிப் கலைத்துவிடக் கூடாது என்பதற்காக வைக்கப்பட்டது. அதை மீறுவதற்கு ஒரு தெரிவு உண்டு. அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்வேன். ஒரு மெய்நிகர் சூழலை உருவாக்கி, ஜூபிட்டர், ஐபைவிட்ஜெட்ஸ், உங்கள் தொகுப்புகள் எல்லாவற்றையும் அதிலேயே நிறுவுங்கள். மேலே கண்ட சிக்கல்களில் பாதி, எல்லாம் ஒரே சூழலில் இருந்தால் எழவே வாய்ப்பில்லை.

வார்னிங்ஸ் தொகுப்பால் எல்லா எச்சரிக்கைகளையும் மறைத்துவிடலாமா?

மறைக்கலாம், நான் அதை ஏற்பதில்லை. எல்லாவற்றையும் புறக்கணிக்கச் சொல்லும் அந்த ஒற்றை வரி, நீட்டிப்பு இல்லை என்பதோடு சேர்த்து, உங்கள் தரவின் வகை மாறிவிட்டது, நீங்கள் பயன்படுத்தும் செயல்பாடு அடுத்த பதிப்பில் நீக்கப்படும் என்பன போன்ற, விடையையே பாதிக்கக்கூடிய எச்சரிக்கைகளையும் விழுங்கிவிடும். மறைத்தே ஆக வேண்டுமென்றால், டிக்யூடிஎம் எச்சரிக்கை என்ற அந்த ஒரு வகையை மட்டும் பெயர் சொல்லி மறையுங்கள். மாணவர்களுக்குக் கொடுக்கும் நோட்புக்கின் முதல் செல்லிலேயே எல்லா எச்சரிக்கைகளையும் அணைத்து வைப்பது, அவர்கள் படித்துப் பழக வேண்டிய ஒன்றை அவர்களிடமிருந்து எடுத்துவிடுவதாகும்.

எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் நேற்று சேமித்த நோட்புக்கை இன்று திறந்தால் ஸ்லைடர்களின் இடத்தில் ‘மாடல் காணப்படவில்லை’ என்று இருக்கிறது.

எந்த நீட்டிப்பும் விடுபடவில்லை. ஸ்லைடரின் மதிப்பை வைத்திருந்த பைத்தான் பொருள் நேற்றைய கெர்னலோடு மறைந்துவிட்டது, கோப்பில் மிஞ்சியிருப்பது அதன் அடையாள எண் மட்டும். அந்தச் செல்லை மறுபடி இயக்கினால் ஸ்லைடர் திரும்ப வரும். இயக்காமலே பிறர் பார்க்க வேண்டுமென்றால், லேபின் அமைப்புகள் பட்டியலில் விட்ஜெட் நிலையைத் தானாகச் சேமிக்கும் தெரிவை இயக்கி, செல்களை ஓட்டியபின் கோப்பைச் சேமியுங்கள். கோப்பின் அளவு கூடும், ஸ்லைடர் திரையில் தெரியும்; ஆனால் கெர்னல் இல்லாததால், அதை இழுத்தால் எந்தக் கணக்கும் நடக்காது.